உருவகங்களில் ஒரு சமூகத்தின் மதிப்பீடுகள் எப்படித் தெரிகின்றன? (இந்தோனேசிய மொழி, ஆங்கிலம்)

ஒன்றை இன்னொன்றாகவே வைத்துப் பேசுவதுதான் உருவகம். கொல்லையில் என்ன காய்க்கிறதோ அதை வைத்துத்தானே குழம்பு வைப்போம், அதுபோல மக்கள் தினமும் எதோடு புழங்குகிறார்களோ, எதைப் பெரிதாக நினைக்கிறார்களோ அதிலிருந்துதான் உருவகமும் வரும்.

ஆங்கிலத்தில் நேரம் என்றால் பணம்: செலவழிக்கிறார்கள், மிச்சம் பிடிக்கிறார்கள், முதலீடுகூடச் செய்கிறார்கள். 1748-இல் அமெரிக்க எழுத்தாளர் பெஞ்சமின் பிராங்கிளின் ஓர் இளம் வியாபாரிக்கு எழுதிய அறிவுரையிலேயே இது இருக்கிறது. அப்புறம் மணிக்கணக்கில் கூலி தரும் தொழிற்சாலைகள் வந்து அதை ஆழமாக ஊன்றிவிட்டன.

இந்தோனேசியாவில் வயல்தான் ஊற்று. அறிவு நெற்கதிர் மாதிரி இருக்க வேண்டும், மணி முற்ற முற்றத் தலை குனியும் என்பார்கள். படித்தவர் பணிவாக இருக்க வேண்டும் என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. கனமானதைச் சேர்ந்து தோளில் சுமப்போம், லேசானதைச் சேர்ந்து கையில் தூக்குவோம் என்ற பழமொழியும் அப்படித்தான். சேர்ந்து உழைக்கும் 'கோத்தோங் ரோயோங்' வழக்கம் அதில் அப்படியே தெரிகிறது.

இதை வைத்து ஆங்கிலம் பேசுபவர்கள் எல்லாம் தன்னலம், இந்தோனேசியர் எல்லாம் கூட்டுணர்வு என்று முடிவுகட்டுவது தவறு. சொந்தக் காலில் நிற்போம் என்பதன் சுருக்கமான 'பெர்டிகாரி'யை 1960-களில் நாட்டின் முழக்கமாக்கியவர் இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ.