விரதமும் இருக்கட்டும், மெத்தடோனும் இருக்கட்டும்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ப்ரவுன் (ஹெராயின்) ஊசி போட்டுட்டு இருந்தவர். இப்ப எட்டு மாசமா, அதுக்குப் பதிலா டாக்டர் குடுக்கற மெத்தடோன் மருந்துல இருக்கார், வேலைக்கும் திரும்பப் போறார். இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறேன்னு வேண்டியிருக்கார். ஆனா மாமியார், "அதுவும் போதைதானே, அதக் குடிச்சிட்டு முருகன் முன்னாடி எப்படி நிப்ப, பத்து நாள் விரதத்தோட அதையும் விட்ரு"ங்கறாங்க. அவரும் தலையாட்டறார். எனக்குப் பயமா இருக்கு. இதெல்லாம் யார்கிட்டயும் சொன்னதில்ல, கூடப்பிறந்த அக்காவுக்குக்கூட தெரியாது. (வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

பதில்: தங்கச்சி, அவசரமானத முதல்ல சொல்லிடறேன். அவர் மெத்தடோன திடீர்னு நிறுத்தவே கூடாது. நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல உடம்பு வலி, வேர்வை, வயித்துப்போக்கு, தூக்கமே இல்லாம புரள்றதுன்னு ஆரம்பிச்சு வாரக்கணக்குல இழுக்கும், பத்து நாள்ல முடியற சமாச்சாரமே இல்ல. அதவிடப் பெரிய ஆபத்து அதுக்கப்புறம்தான். வேதனை தாங்காம ஒருத்தர் பழைய இடத்துக்குப் போயி பழைய அளவையே போட்டா, இடைல உடம்புக்குத் தாங்கற சக்தி குறைஞ்சு போயிருக்கும், மூச்சே நின்னுடலாம். விட்டுட்டு மறுபடி போடறவங்க சாகறது பெரும்பாலும் இப்படித்தான். அப்படி ஒரு நாள் வரக்கூடாது, ஆனா தெரிஞ்சு வச்சுக்கோங்க: உதடு நீலமாகி, குறட்டை மாதிரி சத்தத்தோட மூச்சு மெதுவாச்சுன்னா எழுப்பிப் பாருங்க, எழும்பலன்னா உடனே ஆம்புலன்ஸுக்கு, 114க்கு போன் பண்ணிட்டு ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, பக்கத்துலயே இருங்க, மூச்சு நின்னுட்டா போன்ல அவங்க சொல்றதச் செய்யுங்க. போலீஸ் வருமோ அக்கம்பக்கம் என்ன சொல்லுமோன்னு அந்த நேரத்துல யோசிக்கவே கூடாது.

இப்ப மாமியார் கேட்டதுக்கு வரேன். தப்பான கேள்வின்னு நான் சொல்லமாட்டேன், நம்ம ஊர்ல பாதிப்பேர் மனசுல இருக்கறதுதான். மெத்தடோனும் ஓபியம் குடும்பத்த சேர்ந்ததுதான், உண்மை. ஆனா சரியான அளவுல தினம் ஒரு வேளை குடிச்சா ஏக்கம் அடங்கி ஆள் நிதானமா நடமாடலாம், வேலை பாக்கலாம், உங்க வீட்டுக்காரர் பாக்கற மாதிரி. 2005ல நம்ம நாட்டுல புதுசா எச்ஐவி வந்தவங்க 921 பேர், பத்துல ஒம்பது பேருக்கு மேல ஊசியால வந்தது, அதப் பாத்துத்தான் 2006ல அரசாங்கம் மெத்தடோன் குடுக்க ஆரம்பிச்சுது. உலக சுகாதார நிறுவனமும் 2005லயே இத அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்துடுச்சு. உங்க மாமியார் ப்ரெஷர் மாத்திரையோ சுகர் மாத்திரையோ போடறவங்களா இருந்தா (மொரீஷியஸ்ல அந்த வயசுல போடாதவங்க யாரு!) காவடி விரதத்துக்கு அத நிறுத்தறாங்களான்னு மெதுவாக் கேட்டுப் பாருங்க. கறி மீன் இல்ல, குடி இல்ல, தரையில படுக்கை, இதெல்லாம் விரதம், மருந்து குடிக்கறதுல என்ன விரதம் கெடுது? முருகன் பேர்ல வேண்டுதல் வச்சதே ஒரு பெரிய பலம், அத மருந்துக்கு எதிரா திருப்பி விடறதுதான் எனக்குப் பிடிக்கல.

காவடி தாராளமா எடுக்கட்டும். எடுக்கப்போறேன்னு மெத்தடோன் குடுக்கற இடத்துல டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும், ஏன்னா அந்த வெயில்ல வெறுங்கால்ல நடக்கறப்ப மயக்கம் வரலாம், தண்ணி குடிச்சுட்டே இருக்கணும். அன்னிக்குக் காலைல டோஸ குடிச்சுட்டுத்தான் கிளம்பணும். அலகு குத்தறதா இருந்தா வேல் ஊசியெல்லாம் புதுசா, அவருக்குன்னே தனியா இருக்கணும், இன்னொருத்தருக்குக் குத்தினது வேண்டவே வேண்டாம். ஊசி போட்டுட்டு இருந்தவங்களுக்கு ஹெபடைட்டிஸ் சிங்கற கல்லீரல் நோய் இருக்க வாய்ப்பு அதிகம், ரத்தம் டெஸ்ட் பண்ணலன்னா பண்ணிடுங்க.

உங்க கடிதத்துல என்னை ரொம்ப யோசிக்க வச்சது கடைசி வரிதான். எட்டு மாசமா, அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமோ, எல்லாத்தையும் ஒத்தையா சுமந்துட்டு இருக்கீங்க, ராத்திரி சட்டைப்பையத் தடவிப் பாத்துட்டுத்தான் தூங்குவீங்கன்னு நினைக்கறேன். குடிகாரக் கணவர்களோட மனைவிமார் தங்களுக்குன்னே கூடிப் பேச ஆரம்பிச்சுத்தான் 1951ல அமெரிக்காவுல அல்-அனான்ங்கற குடும்பத்தாருக்கான அமைப்பு வந்துது, ஏன்னா வீட்ல ஒருத்தர் போதைல இருந்தா மத்தவங்களும் சேந்து நோயாளி ஆயிடறாங்க. உங்க ரோஸ் ஹில்லயே சென்டர் த சொலிடாரிட்டேங்கற போதை மறுவாழ்வு மையம் இருக்கு, போர்ட் லூயிஸ் பக்கம்னா ப்ளேன் வெர்ட்ல அதே மாதிரி இத்ரிஸ் கூமானி சென்டர். அவர் வரலன்னாலும் நீங்க போய், குடும்பத்துக்கு என்ன உதவி இருக்குன்னு கேளுங்க. அங்க வர்ற இன்னொரு பொண்ணு, "எங்க வீட்லயும் டிவிய வித்தாச்சு"ன்னு சொல்றப்ப பாதி பாரம் இறங்கிடும். உங்க கூடப்பிறந்த அக்காகிட்டயும் சொல்லுங்க, வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.

கோவில் சங்கத்துல நம்பிக்கையான பெரியவர் ஒருத்தர் இருந்தா, வீட்டுக்காரர் சம்மதத்தோட, அந்தப் பெரியவர்கிட்டயும் சொல்லி வைக்கலாம். உபதேசமெல்லாம் வேண்டாம், கோவில் சாப்பாட்டுக்கு ஏழு கறி சமைக்கற இடத்துல அவருக்கு ஒரு வேலை குடுத்தாப் போதும், காவடி முடிஞ்ச மறுவாரமும் வாப்பான்னு கூப்பிட்டாப் போதும். பத்து நாள் எல்லாரும் கூட இருப்பாங்க, பதினோராவது நாள்தான் ஆளு தனியா நிப்பார், நான் பயப்படறது அந்த நாளுக்குத்தான்.

டாக்டரப் பாக்கப் போறப்ப மாமியாரையும் கூட்டிட்டுப் போயிடுங்க, டாக்டர் சொன்னா கேப்பாங்க, மருமக சொல்லி எந்த மாமியார் கேட்டிருக்காங்க?