பேசாத அண்ணன் தம்பி, வில்லெடுத்த பாட்டு டீச்சர்: ஐஸ்லாந்து நகைச்சுவைப் படங்கள், கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் திரைப்படச் சங்கத்தில் 'ராம்ஸ்' என்ற ஐஸ்லாந்துப் படத்தைத் திரையிட்டோம். பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீதிப் பேர் குழப்பத்தோடு எழுந்து போனார்கள். அன்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கும், அப்புறம் வாட்ஸப்பில் வந்தவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். பல வருஷங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிற படங்கள் என்பதால் சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, 'ராம்ஸ்' காமெடியா, சோகப் படமா? சிரித்துவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. (கல்லூரி மாணவி)

இரண்டும்தான். நீங்கள் சிரித்ததில் தப்பே இல்லை. வராதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வடக்கு ஐஸ்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கு. கும்மி, கிட்டி என்று இரண்டு சகோதரர்கள், அடுத்தடுத்த வீடு, இருவருக்கும் ஆடு வளர்ப்புதான் பிழைப்பு. நாற்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தவிர்க்க முடியாத சேதி ஏதாவது இருந்தால் நாய் வாயில் கடிதத்தைக் கவ்வக் கொடுத்து அனுப்புவார்கள்.

குளிர்காலத்தில் ஒரு நாள் கிட்டி குடித்துவிட்டுப் பனியில் விறைத்துக் கிடக்கிறார். கும்மி பார்க்கிறார். கையால் தொட்டுத் தூக்க மனசு வரவில்லை, சாகவிடவும் மனசில்லை. பொக்லைனை எடுத்து வருகிறார். மண் அள்ளுகிற மாதிரி முன்வாளியால் சகோதரரை அள்ளுகிறார். அப்படியே சாலையில் ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கேமரா தள்ளி நின்று முழுவதையும் காட்டுகிறது, நெருங்கவே இல்லை. நெருங்கியிருந்தால் நமக்கு அழுகை வந்திருக்கும். தூரத்தில் நிற்பதால் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்த பிறகு பாரம் தெரிகிறது.

இயக்குநர் க்ரீமுர் ஹாகோனார்சன். 2015-இல் பிரான்ஸில் நடந்த கான் திரைப்பட விழாவில், முதன்மைப் போட்டிக்கு அடுத்ததான 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவின் முதல் பரிசு இந்தப் படத்துக்குத்தான். கும்மியாக வரும் சிகுர்தர் சிகுர்யோன்சன் அந்த நாட்டில் பல காலமாக டிவியில் சிரிக்க வைத்தவர். அவர் முகத்தைப் பார்த்தாலே சிரிக்கப் பழகிய ஜனங்கள் முன்னால் இயக்குநர் அவரை வாய் திறக்காமல் நிற்க வைத்தார். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு ஆட்டுக்கு நோய் என்றால் பள்ளத்தாக்கு முழுக்க எல்லா ஆட்டையும் கொல்வார்களா? மிகைப்படுத்தல் போலத் தெரிகிறது. (கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்)

மிகை இல்லை சார். படத்தில் வருவது ஸ்க்ரேபி. ஆட்டின் மூளையையும் முதுகுத் தண்டையும் தாக்கும், மருந்து கிடையாது. நோயைப் பரப்புகிற பிரியான் என்ற புரதம் மண்ணிலும் கொட்டிலிலும் வருஷக்கணக்கில் தங்கிவிடும். அதனால் ஒரு ஆட்டில் கண்டாலும் மந்தையையே அழிப்பதுதான் அங்கே நீண்டகால நடைமுறையாக இருந்தது. கொட்டிலைச் சுத்தம் செய்து, இரண்டு வருஷம் ஆடே இல்லாமல் போட்டுவைக்க வேண்டியிருந்தது. படத்தின் தொடக்கத்தில் கிடாய்ப் போட்டி வருகிறதே, நடுவர் முதுகுச் சதையின் கனத்தைப் பார்த்து மயிரிழை வித்தியாசத்தில் பரிசு கொடுப்பார். அந்தக் காட்சியில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த மந்தை தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த இனம், அது போனால் அந்த மனிதர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பாருங்கள், போட்டிக் காட்சியே வேறு மாதிரி தெரியும்.

நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் படம் எடுத்தால் போட்ட பணம் எப்படி வரும்? (விநியோகத் தொழிலில் இருக்கும் நண்பர்)

உள்ளூர் டிக்கெட்டை மட்டும் நம்பினால் வராது. 1979-இல் அரசு ஒரு திரைப்பட நிதி தொடங்கியது, அங்கே தொடர்ச்சியாகப் படங்கள் வரத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். இன்றும் திரைப்பட மையம் கொடுக்கிற மானியம்தான் அடித்தளம். அதன்மேல் டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் என்று கூட்டுத் தயாரிப்பாளர்கள் சேர்வார்கள். படப்பிடிப்புச் செலவில் 25 சதவீதத்தை அரசு திருப்பித் தரும், 2022 முதல் பெரிய தயாரிப்புகளுக்கு 35 சதவீதம். ஹாலிவுட்காரர்கள் அங்கே ஓடுவதற்கு பனிமலை மட்டும் காரணமில்லை. அவர்கள் வந்து போவதால் உள்ளூர் ஒளிப்பதிவாளர், லைட்மேன், கலை இயக்குநர் எல்லோருக்கும் வருஷம் முழுக்க வேலை கிடைக்கிறது. அதே ஆட்கள்தான் அப்புறம் இந்தச் சின்னப் படங்களிலும் வேலை செய்கிறார்கள்.

குதிரைப் படம் ஒன்று இருக்கிறதாமே, குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். 'ஆஃப் ஹார்சஸ் அண்ட் மென்', 2013, பெனடிக்ட் எர்லிங்சனின் முதல் முழுநீளப் படம். பெரியவர்கள் மட்டும் பாருங்கள், ஆனால் அவசியம் பாருங்கள்.

முதல் கதையை மட்டும் சொல்கிறேன். கோல்பெய்ன் என்று ஒருவர், கோட்டு, தொப்பி, பளபளக்கிற பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு தன் வெள்ளைப் பெண் குதிரையில் பக்கத்துப் பண்ணைப் பெண்ணைப் பார்க்கப் போகிறார். ஐஸ்லாந்துக் குதிரைக்கே உரிய, மேலே இருப்பவர் குலுங்காத ஒரு நடை உண்டு, அந்த நடையில் ராஜா மாதிரிப் போகிறார். ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் யாராவது பைனாகுலரில் பார்க்கிறார்கள், கண்ணாடி வெயிலில் மின்னுகிறது. விருந்து முடிந்து கிளம்புகிறபோது அந்தப் பெண்ணின் ஆண் குதிரை வேலியை உடைத்துக்கொண்டு வந்து, இவர் மேலே உட்கார்ந்திருக்கும்போதே பெண் குதிரையோடு சேர்ந்துவிடுகிறது. இறங்கவும் முடியாமல், எங்கே பார்ப்பது என்றும் தெரியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஊரே பைனாகுலரில் பார்க்கிறது. வீட்டுக்குப் போனதும் அவமானம் தாங்காமல் தன் குதிரையை அவரே சுட்டுவிடுகிறார். சிரித்த வாய் அங்கே மூடிக்கொள்ளும்.

என் கருத்தில் ஐஸ்லாந்து நகைச்சுவையின் உயிர் இந்தப் பைனாகுலர்தான். எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டை போட்டால் விலகிப் போக வேறு ஊர் இல்லை. நாளைக் காலை அதே முகத்தில் விழிக்க வேண்டும்.

'வுமன் அட் வார்' பார்த்தேன். அந்த மூன்று வாத்தியக்காரர்கள் ஏன் காட்டில் சும்மா நிற்கிறார்கள்? என்ன அர்த்தம்? (இசை ஆசிரியை)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். இதுவும் பெனடிக்ட் எர்லிங்சனின் படம், 2018. ஹல்லா என்ற ஐம்பது வயதை ஒட்டிய பாட்டு டீச்சர், சேர்ந்திசைக் குழு நடத்துகிறவர். யாருக்கும் தெரியாமல் மலைப்பக்கம் போய் அலுமினிய ஆலைக்குப் போகும் உயரழுத்த மின்கம்பியை நாசம் செய்கிறார். வில்லை வளைத்து, அம்பில் கம்பி கட்டி, மின்பாதைக்கு மேலே எய்து ஷார்ட் சர்க்யூட் ஆக்குகிறார். அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதியை அலுமினிய ஆலைகள்தான் இழுத்துக்கொள்கின்றன என்பது தெரிந்தால், கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

பின்னணி இசை வருகிறது, கேமரா திரும்புகிறது, பார்த்தால் பாசி படர்ந்த வெட்டவெளியில் டிரம், அக்கார்டியன், பெரிய பித்தளைக் குழல் வைத்துக்கொண்டு மூன்று பேர் நிஜமாகவே வாசிக்கிறார்கள். அவள் வீட்டு ஹாலிலும் வந்து உட்காருகிறார்கள். உக்ரைனிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கும் கடிதம் வந்தபின், உக்ரைன் பாரம்பரிய உடையில் மூன்று பாடகிகளும் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் ஹல்லாவின் மனசு என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தும். வாத்தியக்காரர்கள் போராளிப் பக்கம், பாடகிகள் தாயாகத் துடிக்கிற பக்கம். அவள் தயங்கினால் வாசிப்பும் தயங்கும். நீங்கள் இசை சொல்லிக்கொடுப்பவர், யார் எப்போது வாசிப்பை நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு வசனமும் இல்லாமல் அவள் எடுக்கப்போகும் முடிவு உங்களுக்கு முன்கூட்டியே கேட்டுவிடும்.

ஹல்லாவாக வரும் ஹல்டோரா கெய்ர்ஹார்ஸ்டோட்டிர், யோகா சொல்லித்தரும் இரட்டைச் சகோதரியாகவும் அவரே. தலைக்கு மேலே ட்ரோன் வருகிறபோது நெல்சன் மண்டேலா முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடுவார், அந்தக் காட்சிக்காகவே ஒரு முறை பார்க்கலாம்.

அந்த விவசாயி "ஒருவேளை நீ எனக்கு ஒன்றுவிட்ட உறவு" என்று சொல்வது ஏன்? (அதே படம் பற்றி இன்னொருவர்)

அங்கே அது சாதாரணப் பேச்சு. நாடே ஒரு பெரிய வம்சாவளி. யார் யாருக்கு எப்படி உறவு என்று பார்க்க 'ஈஸ்லெண்டிங்காபோக்' என்று ஒரு தரவுத்தளமே இணையத்தில் இருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஹல்லாவைப் போலீசிடமிருந்து மறைப்பதற்கு அந்த விவசாயிக்கு அந்த 'ஒருவேளை' போதுமானதாக இருக்கிறது.

இதே படத்தில் தப்பே செய்யாமல் திரும்பத் திரும்பக் கைதாகிற சைக்கிள் பயணியைக் கவனித்தீர்களா? குதிரைப் படத்தில் பனிப்புயலில் மாட்டிக்கொள்ளும் வெளிநாட்டு இளைஞனும் அதே நடிகர்தான், ஹுவான் கமிலோ. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

நடிகர், இயக்குநர் பெயர் எல்லாம் '-சன்', '-டோட்டிர்' என்றே முடிகிறது. ஒரே குடும்பமா?

இல்லை. நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான், பின்னால் வருகிறது. எர்லிங்கூரின் மகன் எர்லிங்சன். மகள் என்றால் '-டோட்டிர்'. முதல் பெயரைச் சொல்லித்தான் எல்லோரையும் கூப்பிடுவார்கள், பிரதமரைக்கூட. படம் தேடும்போது முதல் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஒரு காமெடி நடிகர் மேயர் ஆனாராமே, நிஜமா? (பத்திரிகையாளர்)

நிஜம். யோன் க்னார். பெட்ரோல் பங்க்கில் ராத்திரி வேலை பார்க்கும் சிடுமூஞ்சி மேனேஜராக டிவி தொடரில் பெரும் புகழ் பெற்றவர். அந்தப் பாத்திரத்தை வைத்தே 2009-இல் 'பியார்ன்ஃப்ரெதர்சன்' படம் வந்தது. 2008-இல் நாட்டின் வங்கிகள் கவிழ்ந்தன, ஜனங்கள் அரசியல்வாதிகள் மேல் கொதித்துப்போயிருந்தார்கள். இவர் 'சிறந்த கட்சி' என்று ஒன்று ஆரம்பித்து, எல்லா நீச்சல் குளத்திலும் இலவசத் துண்டு, மிருகக்காட்சிசாலைக்கு ஒரு பனிக்கரடி என்று வாக்குறுதி கொடுத்தார். 2010-இல் தலைநகர் ரெய்க்யவிக்கின் மேயரானார், நான்கு வருஷம் முழுமையாக இருந்தார். இப்போது நாடாளுமன்ற உறுப்பினர்.

கால்பந்து கோல்கீப்பர் எடுத்த படம் பற்றிச் சொல்லுங்கள் அக்கா. (பள்ளி மாணவன்)

2018 உலகக் கோப்பையில் மெஸ்ஸியின் பெனால்டியைத் தடுத்தாரே ஹான்னெஸ் தோர் ஹல்டோர்சன், அவரேதான். கால்பந்துக்கு நடுவிலேயே விளம்பரம், வீடியோ என்று இயக்கிக்கொண்டிருந்தவர். 'காப் சீக்ரெட்' 2021-இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் வந்தது. ரெய்க்யவிக்கின் அமைதியான தெருக்களில் ஹாலிவுட் பாணிப் போலீஸ் அதிரடி. முரட்டு ஹீரோ தன் கூட்டாளிப் போலீஸ்காரர் மேல் காதல் கொள்கிறார். மற்ற படங்கள் அளவுக்கு ஆழமில்லை, ஆனால் முழு உற்சாகத்தோடு எடுத்திருக்கிறார்கள்.

புதுசாக என்ன வந்திருக்கிறது?

'தி லவ் தட் ரிமெய்ன்ஸ்', இயக்குநர் ஹ்லைனுர் பால்மசன், 2025 கான் விழாவில் முதல் திரையிடல், ஆஸ்கருக்கு ஐஸ்லாந்து அனுப்பியதும் இதைத்தான். பிரிந்துவிட்ட கணவன் மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு வருஷம். அவன் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்கிறான். அவள் ஓவியர், இரும்புத் தகடுகளைத் துணிமேல் வைத்து வெளியில் மழையிலும் பனியிலும் போட்டுவிடுகிறாள், துரு இறங்கி ஓவியமாகிறது. மனைவியாக வரும் சாகா கார்தர்ஸ்டோட்டிர் அங்கே மேடை நகைச்சுவையாளர். பிள்ளைகள் மூவரும் இயக்குநரின் சொந்தப் பிள்ளைகள், அதனால் சாப்பாட்டு மேசையில் அவர்கள் அடித்துக்கொள்வது நம் வீட்டில் நடப்பது போலவே இருக்கிறது. திடீரென்று ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சேவல் வந்து நிற்கும், பதறாதீர்கள். அவர்கள் வீட்டு நாய் பாண்டா, அதுவும் இயக்குநருடையதுதான், கானில் சிறந்த நாய்க்கான 'பாம் டாக்' விருது வாங்கியது. இந்தப் பட்டியலில் சமீபத்திய படங்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான், தியேட்டரிலோ விழாவிலோ வந்தால் பெரிய திரையில் பாருங்கள்.

2023-இல் வந்த 'நார்தர்ன் கம்ஃபர்ட்' விமானப் பயம் உள்ளவர்களின் பயணம் பற்றியது. ஆங்கில நடிகர் டிமோத்தி ஸ்பால் நடித்திருக்கிறார். லேசான படம், ஒரு சாயந்திரத்துக்குப் போதும்.

அங்கேயும் தியேட்டரில் இடைவேளை உண்டா? (தியேட்டர் ஊழியர்)

உண்டு! ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் இல்லாத வழக்கம். படம் பாதியில் நிற்கும், எல்லோரும் எழுந்து போய்ப் பாப்கார்னும் சாக்லேட்டும் வாங்குவார்கள். நம் கேன்டீன் வரிசை அங்கேயும் உண்டு.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் 'அண்டர் தி ட்ரீ' போடலாம் என்று நினைக்கிறோம். அக்கம்பக்கத்து வீட்டுச் சண்டை பற்றிய காமெடி என்று போட்டிருந்தது. (சங்கச் செயலாளர்)

தயவுசெய்து அதை மட்டும் போடாதீர்கள் சார். ஒரு மரத்தின் நிழல் பக்கத்து வீட்டு வெயிலை மறைக்கிறது என்று சண்டை தொடங்குகிறது. பூனை காணாமல் போகிறது, அப்புறம் நாய்க்கு நடப்பதைப் பார்த்தால் பெரியவர்களே கலங்குவார்கள். மிக நல்ல படம், 2017, தனியாகப் பாருங்கள்.

உங்கள் கட்டடத்தில் வயதானவர்கள் நிறைய என்று சொன்னீர்கள். ஃப்ரித்ரிக் தோர் ஃப்ரித்ரிக்சனின் 'சில்ட்ரன் ஆஃப் நேச்சர்' போடுங்கள். 1991-இல் வந்தது, சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை ஐஸ்லாந்துக்கு வாங்கித்தந்த படம். மகள் வீட்டு ஃப்ளாட்டில் ஒட்டாமல் முதியோர் இல்லத்துக்கு வரும் விவசாயி, அங்கே சின்ன வயசுத் தோழியைப் பார்க்கிறார். இருவரும் ஒரு ஜீப்பைத் திருடிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். போலீஸ் துரத்துகிறது, ஜீப் சாலையிலேயே மறைந்துபோகிறது. தொடக்கத்தில், ஊரை விட்டுப் போகிறபோது அவர் தன் நாயைச் சுட வேண்டி வரும், அதை மட்டும் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தப்பாது. வசனம் குறைவு, சப்டைட்டில் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பேரனோ பேத்தியோ உட்கார்ந்தால் போதும்.