ஸ்டூல் டெஸ்டில் தெரியாத புழு எண்டோஸ்கோபியில் எப்படித் தெரிந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பில் வேலை. ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கி இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம், நாலே மாதத்தில் மறுபடி குறைந்துவிட்டது. மலப் பரிசோதனையில் புழு இல்லை என்றார்கள். இப்போது எண்டோஸ்கோபி செய்தபோது சிறுகுடலில் பொடிப்பொடியாகப் புழுக்கள் நெளிவதை டாக்டர் திரையிலேயே காட்டினார். முதல் டெஸ்ட் தப்பா? இனி புழு இருக்கிறதா என்று பார்க்க எண்டோஸ்கோபிதான் வழியா?
– வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். மலத்தில் நாம் தேடுவது புழுவை அல்ல, அது இடும் முட்டையை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அம்மாவுக்கு இருப்பது பெரும்பாலும் கொக்கிப்புழு. அதன் இளம்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து, அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கி, சிறுகுடலில் வளர்ந்து முட்டையிட ஆரம்பிக்கவே ஐந்திலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை மலத்தில் முட்டை இருக்காது. புழுக்கள் குறைவாக இருந்தாலும் ஒரே ஒரு மாதிரியில் முட்டை சிக்காமல் போகலாம், கொடுத்த மாதிரி லேபில் நேரத்தோடு பார்க்கப்படாமல் வெயிலில் கிடந்தாலும் முட்டை சிதைந்துவிடும். அதனால் "ஒருமுறை பார்த்தோம், இல்லை" என்பதை வைத்து, மண்ணில் வேலை செய்கிற ஒருவருக்குப் புழுவே இல்லை என்று முடிவுக்கு வரக் கூடாது. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரியாவது பார்க்க வேண்டும்.

அதற்காகப் புழுவைத் தேட எல்லாருக்கும் எண்டோஸ்கோபி செய்யச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. வாய் வழியாக விடும் குழாய் சாதாரணமாக டியோடினத்தின் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். சிறுகுடல் சுமார் 6 மீட்டர், அதில் டியோடினம் 25 சென்டிமீட்டர்தான். கொக்கிப்புழு அதிகம் குடியிருப்பது அதற்கும் கீழே, ஜெஜுனம் என்ற சிறுகுடலின் நடுப்பகுதியில். ஆக, எண்டோஸ்கோபி 'நார்மல்' என்று வந்தாலும் புழு இல்லை என்று அர்த்தமாகாது.

ஆனால் காரணம் தெரியாத ரத்தசோகைக்காக எப்படியும் எண்டோஸ்கோபி செய்கிறார்கள் என்றால், அல்சரும் கட்டியும் இல்லை என்றதும் குழாயை உருவிவிடாமல், டியோடினத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நிதானமாகப் பார்க்க வேண்டும். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். புழு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், நுரையும் பித்தமும் அதை மறைத்துவிடும். ரத்தம் குடித்திருந்தால் சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும், இல்லையென்றால் வெளுத்த நூல் துண்டு மாதிரி. ஓர் இடத்தைக் கடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும், விட்டுப்போன காயத்திலிருந்தும் ரத்தம் கசியும், ஏனென்றால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது சுரக்கிறது. அதனால் புழு கண்ணில் படாவிட்டாலும் புள்ளி புள்ளியான ரத்தக்கசிவு ஒரு தடயம். வகையைப் பொறுத்து ஒரு புழுவால் நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை ரத்தம் போகும். நூறு புழு, மாதக்கணக்கில் என்று கணக்குப் போட்டால் ஏற்றிய ரத்தம் எங்கே போனது என்று புரியும்.

புழுவை இடுக்கியால் பிடித்து எடுத்து லேபுக்கு அனுப்பினால் எந்த வகை என்று உறுதியாகும், ஆனால் அது சிகிச்சை ஆகாது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுப்பார்கள், ஒரு வேளையா மூன்று நாளா என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரும்புச்சத்து மாத்திரையைச் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும், பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் பூச்சி மாத்திரை பற்றிக் கேளுங்கள், தோப்புக்குப் போகும்போது அம்மா காலில் செருப்பு இருக்கட்டும். இன்னொன்று, 58 வயதில் இந்த அளவு ரத்தசோகை என்றால் புழு கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகி நின்றுவிடாதீர்கள், பெருங்குடலையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாகக் கொழகொழவென்று நாற்றத்தோடு மலம் போகிறது, வாயுத் தொல்லை, எடையும் குறைந்துவிட்டது. ஜியார்டியாவாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். எண்டோஸ்கோபி செய்தால் தெரிந்துவிடுமா?
– வாசகர், சென்னை

பதில்: கண்ணுக்குத் தெரியாது. ஜியார்டியா புழு அல்ல, மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற ஒற்றைச் செல் உயிரி, குடல் உட்புறம் பார்க்கப் பளிச்சென்று நார்மலாகவே இருக்கலாம். முதலில் சில நாள் இடைவெளியில் மூன்று மலப் பரிசோதனை, கூடவே கிருமியின் புரதத்தை மலத்தில் தேடும் ஆன்டிஜென் டெஸ்ட் செய்யுங்கள், ஏனென்றால் இது தினமும் மலத்தில் வெளியேறாது. அதிலும் பிடிபடாமல் எண்டோஸ்கோபி வரை போனால், "நார்மலாக இருந்தாலும் டியோடினத்தில் பயாப்சிக்குச் சிறு திசு எடுங்கள்" என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்கள் அறிகுறிகள் சீலியாக், டிராபிகல் ஸ்ப்ரூ போன்ற, சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாத நோய்களிலும் வரும், அவற்றைப் பிரித்தறியவும் அந்தத் திசு உதவும்.

கேள்வி: கேப்சூல் கேமராவை விழுங்கினால் எல்லாப் புழுவும் தெரியுமா?

பதில்: சிறுகுடல் முழுக்கப் படம் வரும், எதிர்பாராமல் புழுவும் சிக்கும். ஆனால் திசு எடுக்க முடியாது, குடலில் சுருக்கம் இருந்தால் கேப்சூல் மாட்டிக்கொள்ளலாம், செலவும் அதிகம். புழு தேடுவதற்கென்று இதைச் செய்யத் தேவையில்லை.

கேள்வி: தாத்தாவுக்கு ஸ்டீராய்டு ஆரம்பிக்கப் போகிறார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் (புழு இருந்தால் கூடும் ஒரு வகை வெள்ளையணு) அதிகம், அதனால் முதலில் குடல்புழு பார்க்க வேண்டும் என்கிறார்கள். இது அவசியமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசியம், அந்த டாக்டர் சரியாகவே யோசிக்கிறார். அவர் பயப்படுவது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழுவுக்கு. அது உடம்புக்குள்ளேயே பெருகிக்கொண்டு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் சயாம் – பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க் கைதிகளிடம் 30 ஆண்டுகள் கழித்தும் இந்தப் புழு இருந்தது. (அதே பாதையில் மலாயாவிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள், தப்பி வந்தவர்களை யார் இப்படித் தேடிப் பரிசோதித்தார்கள்?) ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், அதைக் கொடுத்தால் இந்தப் புழு உடம்பெங்கும் பரவி உயிரையே எடுத்துவிடலாம். மலத்தில் சுலபமாகச் சிக்காது, அதனால் ரத்தத்தில் ஆன்டிபாடி (புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் புரதம்) பார்ப்பார்கள், சிலருக்கு டியோடினம் பயாப்சியில்தான் தெரியவரும். இருப்பது உறுதியானால் ஐவர்மெக்டின் மாத்திரை உண்டு. ஸ்டீராய்டு எவ்வளவு அவசரம் என்று டாக்டரிடம் கேளுங்கள். காத்திருக்க முடியாத நிலை என்றால், ரிசல்ட் வரும் முன்பே ஐவர்மெக்டின் கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.