மீன் தொட்டி: எங்கே வைப்பது, எதன் மேல் வைப்பது?

கேள்வி: அடுக்ககத்தில் முதல் மாடியில் இருக்கிறோம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கி, ஹாலின் நடுவே தடுப்புபோல வைக்க ஆசை. தளம் தாங்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: மேல் விளிம்புக்கு 2 அங்குலம் விட்டு நிரப்பினாலும் தண்ணீர் மட்டுமே சுமார் 225 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி 50 கிலோ, கூழாங்கல் 40, ஸ்டாண்டு 30 என்று சேர்த்தால் 350 கிலோவை நெருங்கும். ஆறு சதுர அடிக்குள் ஐந்து பேர் நெருக்கியடித்து, நகராமல் வருடக்கணக்கில் நிற்பதுபோல.

வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் (ஆட்கள், சாமான்களின் எடை) வடிவமைக்கிறார்கள். அதற்காகத் தொட்டியே கூடாது என்றில்லை. தளம் அதிகம் வளைவது நடுவில்தான், பீமை ஒட்டிய இடத்தில் மிகக் குறைவு. ஆகவே நடு ஹால் வேண்டாம், அடியில் பீம் ஓடும் சுவரோரம் வையுங்கள். கீழே கார் நிறுத்துமிடம் இருந்தால் அண்ணாந்து பார்த்தாலே பீம் தெரிந்துவிடும். வெளியே நீட்டிய பால்கனியில் வைக்கவே கூடாது. மரக்கட்டை அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் பொறியாளரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மேற்கு ஜன்னல் வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடேறும். பிளக் பாயின்ட் தொட்டிக்கு நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒயர் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கி மேலேறினால், வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் அந்தத் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: 3 அடித் தொட்டியை டி.வி. அலமாரி மேல் வைக்கலாமா? இல்லாவிட்டால் சுவரில் பதித்த கடப்பைக்கல் மேல்?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டுமே வேண்டாம். நிரம்பிய 3 அடித் தொட்டி 150 கிலோவைத் தாண்டும். அலமாரியின் பார்ட்டிகிள் போர்டு ஈரம் பட்டால் உப்பும். மேல் பலகை நடுவில் தொய்ந்தால் அடிக் கண்ணாடி இரு முனைகளில் மட்டும் நின்று ஒருநாள் விரிசல் விடும். சுவரிலிருந்து நீட்டிய கடப்பைக்கல் வளைந்து எச்சரிக்காது, சட்டென்று முறியும். இரு முனையிலும் நடுவிலும் செங்கல் தூண் கட்டினால் அதே கல்லை நம்பலாம்.

ஒன்றரை அங்குல, 5 மி.மீ. கனமுள்ள இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு அடித்து, நடுவில் குறுக்குச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட், அதன்மேல் 12 மி.மீ. தெர்மாகோல். சிறு மணல் துகள் கிடந்தாலும் அது கண்ணாடியைக் குத்தாமல் தெர்மாகோல் உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் வைத்து, அடிக் கண்ணாடி பலகையைத் தொடாமல் உயர்ந்து நிற்கும் தொட்டிக்குத் தெர்மாகோல் போடாதீர்கள். அது அடிக் கண்ணாடியின் நடுப்பகுதியை மேல்நோக்கித் தள்ளும்.

கால் நிற்கும் டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 4 அங்குலச் சதுர இரும்புத் தகடு போடுவதும் அவசியம்.

கேள்வி: நிரப்பிய பிறகு தண்ணீர் ஒரு பக்கம் ஏறித் தெரிகிறது. தொட்டிக்கு அடியில் அட்டை செருகலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: செருகாதீர்கள். அந்த ஓர் இடத்தில் எடை குவிந்து கண்ணாடி பிளக்கும். நீளவாக்கில் இரண்டு மூன்று மி.மீ. சாய்வால் பெரிய கேடில்லை. ஒரு மூலை மட்டும் தூக்கி நிற்கும் முறுக்கம்தான் கண்ணாடிகளை இணைக்கும் சிலிகோன் ஒட்டைப் பிரிக்கும். தண்ணீரையும் கல்லையும் முழுக்க எடுத்துவிட்டுத் தொட்டியை இறக்குங்கள். கொஞ்சம் தண்ணீரோடு தூக்கினாலும் ஒட்டு விடும். ஸ்டாண்டின் காலடியில் தகடு வைத்து நீளம், அகலம், மூலைக்கு மூலை மூன்றிலும் ரசமட்டம் பாருங்கள். பாதி நிரப்பி ஒருநாள் விட்டு மறுபடி பார்த்து, மாறாமல் இருந்தால் மீதியை நிரப்புங்கள்.