விலையை அவர் சொல்லட்டும், பணத்தை நீங்கள் வாங்குங்கள்

கேள்வி: என் தோழி பொங்கலுக்கு முந்தைய மூன்று நாளும் பாளையங்கோட்டையில் சாலையோரம் கிழங்கு, மஞ்சள் குலை, கரும்பு, பனை ஓலை போட்டு விற்பாள். அவள் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாததால் இந்த வருஷம் என்னைக் கூட நிற்கச் சொல்கிறாள். ஆபீஸ் வேலைக்குப் போகிற எனக்கு வியாபாரம் பழக்கமில்லை. இடைஞ்சலாகாமல் எப்படி உதவுவது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கட்டாயம் போங்கள். பொங்கல் கடையில் ஆள் பலம்தான் பாதி முதல். ஆனால் போய் நின்றதும் விற்கக் கிளம்பிவிடாதீர்கள். சிறுகிழங்கு கிலோ எண்பது என்று தோழி ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் ஒரு ஆச்சி கேட்டாரே என்று நீங்கள் எழுபதுக்குக் கொடுத்தால், சுற்றி நிற்கிற எல்லாருக்கும் அன்றைக்கு எழுபதுதான். அதனால் விலை, எடை, பேரம் மூன்றும் அவர் பொறுப்பு. பணம், சில்லறை, பை, பின்னால் கிடக்கும் சாக்கு உங்கள் பொறுப்பு. யார் விலை கேட்டாலும் "அக்காகிட்ட கேளுங்க" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

விலை வைக்கும்போது ஒரு யோசனை மட்டும் சொல்லலாம். கூட்டத்தில் பாதிப் பேர் கால் கிலோ, அரைக் கிலோதான் கேட்பார்கள். கிலோ 70 என்றால் கால் கிலோ பதினேழரை ரூபாய்; அந்த அரை ரூபாய்க்குப் பேச்சு வளரும். 60 அல்லது 80 என்று வைத்தால் கால் கிலோ 15, 20 என்று முழுசாக வரும். சில்லறையும் மிச்சம், நேரமும் மிச்சம்.

முதல் நாள் காலையில் பெட்டியில் எவ்வளவு சில்லறை போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டீக்கு எடுத்தாலும் எழுதுங்கள். வாங்கிய ஐநூறு ரூபாய் நோட்டை, மீதி கொடுத்து முடிக்கும்வரை பெட்டிக்குள் போடாதீர்கள். "நான் ஐநூறு தந்தேன்" என்ற வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஜிபே செய்தவர் காட்டும் திரையை நம்ப வேண்டாம். பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி பேச வேண்டும், அல்லது தோழியின் போனில் வந்திருக்க வேண்டும். கூட்டத்தில் நெட் திணறும். அவரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

எலக்ட்ரானிக் தராசை இரவே சார்ஜ் போட்டு, சமமான பலகைமேல் வையுங்கள். தட்டோ கூடையோ வைத்த பிறகு சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறையில் போட வேண்டிய முத்திரை நடப்பில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

இனி சரக்கு. உங்கள் உதவி அதிகம் பலன் தருவது இங்கேதான். சிறுகிழங்கில் மண் ஒட்டியிருக்கிறதே என்று கழுவிவிடாதீர்கள். ஈரம் பட்ட கிழங்கு சீக்கிரம் அழுகும். மண் எடையில் ஏறுகிறது என்று சொல்பவர்களுக்கு, சாக்கில் போட்டு நாலு உலுக்கு உலுக்கி, உதிர்ந்த மண்ணைத் தள்ளிவிட்டு நிறுக்கக் கொடுங்கள், மனசு ஆறிவிடும். சேனையை முன்கூட்டியே துண்டு போட்டால் வெட்டுமுகம் கருத்துவிடும். கேட்கக் கேட்க வெட்டுவது நல்லது. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அரிக்காது. மஞ்சள் குலைக்கு இலைதான் அழகு. நிழலில் நிறுத்தி ஈரச் சாக்கால் மூடி, முன்னால் நாலைந்து குலை மட்டும் வையுங்கள். கரும்பைக் கடையின் ஓரத்தில் கம்போடு சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் வைத்தால், ஒருவர் தூக்கித் திரும்பும்போது தோகை பின்னால் நிற்பவர் கண்ணில் படும்.

மகளுக்குப் பொங்கல்படி கொடுப்பவர்கள் முன்கூட்டியே வந்து எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கப் பார்ப்பார்கள். நல்ல குலையும் முழுக் கரும்புக் கட்டும் அவர்களுக்கென்று எடுத்து வையுங்கள். வண்டிவரை தூக்கிக் கொடுத்தால் அடுத்த வருஷமும் தேடி வருவார்கள்.

கடைசி நாள் மதியம் தோழிக்கு ஒன்றை ஞாபகப்படுத்துங்கள். பொங்கல் வைத்து முடித்துவிட்டால் மஞ்சள் குலையையும் கரும்பையும் கேட்க ஆள் குறைவு. கிழங்குக்கு அப்படி இல்லை. மறுநாளும் குழம்புக்கு வாங்குவார்கள். பெண் பிள்ளைகளுக்காக வாசலில் சின்ன வீடு அமைத்துச் சிறுவீட்டுப் பொங்கல் வைக்கிற வீட்டுக்காரர்களும் தையில் மறுபடி வாங்க வருவார்கள். அதனால் சாயங்காலம் விலையை இறக்க வேண்டியது குலைக்கும் கரும்புக்கும்தான். பதற்றத்தில் கிழங்கையும் சேர்த்து இறக்குவதில்தான் பலருக்கு லாபம் போகிறது.

தார்ப்பாய் கொண்டுபோங்கள். மார்கழி முடிகிறதே, மழை எங்கே என்று இருக்க வேண்டாம். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டித்தான் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. பனை ஓலை நனைந்தால் அடுப்பில் புகைதான் வரும். முதலில் அதை மூடுங்கள்.

அப்புறம், சாலையோரம் கடை போடும் பெண்கள் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள். பக்கத்தில் எங்கே போகலாம் என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். கூட்டம் தணியும் மதிய நேரத்தில் தோழியை வற்புறுத்தி அனுப்பி, சாப்பிட வையுங்கள். அந்த அரை மணி நேரம் மட்டும், அவர் எழுதிக் கொடுத்த விலைக்கு நீங்கள் விற்கலாம்.

கூலி பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். வேண்டாம் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் இரவு பெட்டியை இரண்டு பேரும் சேர்ந்து எண்ணி, நோட்டில் எழுதிய பிறகு வீட்டுக்குக் கிளம்புங்கள்.