22-ஆம் வசனம் மட்டும் போதுமா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். இருவரும் தவறாமல் சபைக்குப் போகிறோம். கணவர் ஆராதனையில் பாடல் நடத்துகிறார். வீட்டிலோ, பேச்சு முற்றினால், "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள் என்று எபேசியர் 5:22-ல் இருக்கிறதே" என்று வாயடைத்துவிடுகிறார். பிறகு மூன்று நாள், நான்கு நாள் பேச்சே இல்லை. நாங்கள் சேர்ந்து ஜெபித்து ஓராண்டு ஆகிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இது நம் பழைய வீடு" என்றாள். உண்மைதான். போதகராக இருந்த முதல் பத்து ஆண்டுகளில் நானும் அந்த ஒரே வசனத்தைத்தான் கையில் வைத்திருந்தேன். பிற்பாடு அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்துக்கென்று தனி வினைச்சொல்லே கிடையாது, கீழ்ப்படிதல் என்பதை 21-லிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்கள் வந்ததே 1551-ல். அப்போஸ்தலன் பவுல் இந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதியபோது நடுவில் வேலி ஏதும் இல்லை. அதோடு, மனைவிக்குச் சொன்னது மூன்று வசனங்கள். 25 தொடங்கிப் புருஷனுக்குச் சொன்னது அதைவிட மிக நீளம். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் அன்புகூர வேண்டும் என்கிறது. இதைப் படித்துவிட்டு ஒருவன் மனைவியின் வாயை அடைக்க முடியாது.

ஆனாலும் அடுத்த சண்டையில் 25-ஆம் வசனத்தை அவர்மேல் எறியாதீர்கள். அவரவருக்கு எழுதியதை அவரவர் படிக்கட்டும். அமைதியான ஒரு வேளையில், "21-லிருந்து 33 வரை சேர்ந்து வாசிப்போமா?" என்று மட்டும் கேளுங்கள். பேசாமல் இருக்கும் நாட்களைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று தொடங்காமல், "அந்த நான்கு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும் என்பதும் அதே நிருபத்தில், நான்காம் அதிகாரத்தில் உள்ளதே.

ஜெபத்தைப் பற்றி ஒன்று. ஒரு சண்டைக்குப் பிறகு நான், "ஆண்டவரே, பொறுமையில்லாதவர்களுக்குப் பொறுமை தாரும்" என்று ஜெபித்தேன். என் மனைவி கண்ணைத் திறந்து, "இது அவருக்கா, எனக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மனைவியைக் கனப்படுத்தாவிட்டால் ஜெபத்துக்குத் தடை வரும் என்று 1 பேதுரு 3:7 புருஷரைத்தான் எச்சரிக்கிறது. அன்றுதான் அது எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு: சேர்ந்து ஜெபிக்கும்போது அவரவர் தவறை மட்டுமே அறிக்கையிடுவது. தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

அவர் உடனே சம்மதிக்காமல் போகலாம். அப்படியானால் சபையில் அவர் மதிக்கும் மூத்த தம்பதியரிடம் இருவரும் போய்ப் பேசுங்கள். நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: அவர் கை ஓங்குகிறாரா? அப்படியிருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திராமல் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அடியைத் தாங்கிக்கொள்ளும்படி எந்த வசனமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

உங்கள் இருவருக்காகவும் இன்றிரவு நாங்கள் ஜெபிக்கிறோம்.