பிக்கப் வண்டியை வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கலாமா?

கேள்வி: பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறேன். பின் சக்கரத்துக்கு பிரேக் லைனர் மாற்ற வேண்டும், கிரீஸும் அடிக்க வேண்டும். வண்டியோடு வந்த ஜாக்கியே போதுமா? தூக்கிய வண்டியைத் தாங்க, ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல் வைக்கலாமா?

தூக்கலாம். நான் ஒன்பது வருடமாகத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஜாக்கி போதுமா என்று கேட்ட நீங்கள், வண்டி உருளாமல் இருக்க என்ன வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் அப்படி இருந்தவன்தான். அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக அம்மி சும்மா கிடக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. களக்காடு பக்கம் வாழைத்தார் ஏற்றுகிறவன். 'தெரியாதவன் எல்லாம் பாடம் எடுக்கிறான்' என்று யாராவது கீழே எழுதுவதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். லைனர் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இரண்டு நாள் வண்டி அங்கேயே நிற்கும். ஓணம் நேரத்தில் ஏத்தன் (நேந்திரன்) தார் நமக்காகக் காத்திருக்காது, காயாக இருக்கும்போதே திருவனந்தபுரம் போய் இறங்கியாக வேண்டும். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் அவ்வளவுதான், கஞ்சத்தனம் இல்லை. சரி, கொஞ்சம் கஞ்சத்தனமும்தான்.

அன்றைக்கு ஆவணி மாதம், மத்தியானம் மூன்று மணி இருக்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வாசல் சமதளம் இல்லை. அதற்கும் நான் காரணம் இல்லை. எங்கள் தெருவில் ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டுவதே கிடையாது, அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி இன்னொரு ரோடு போட்டுவிட்டுப் போவார்கள். அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனோம். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கிப் போகிறோம். ஐப்பசி மழையில் தண்ணீர் நேராக நடைவாசலுக்குத்தான் வரும். மனு கொடுத்தாயிற்று, நேரில் போய்ச் சொல்லியாயிற்று, ஒரு தடவை சண்டையும் போட்டாயிற்று. அடுத்த ரோடு இன்னும் நாலு விரற்கடை உயரமாக வந்ததுதான் மிச்சம். இதைக் கேட்க நாதி இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கியரை முதல் கியரில் போட்டேன். முன் டயருக்கு முன்னால் அணை கொடுக்கக் கல் தேடினேன், கிடைக்கவில்லை. அடுப்படிக்குப் பின்னால் அம்மிக் குழவி கிடந்தது. கருங்கல், கனமாக இருக்கிறது, போதும் என்று தூக்கி வந்து வைத்துவிட்டேன். குழவி உருளை வடிவம் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை, சிரிக்காதீர்கள்.

இடது பின் சக்கரத்தைத் தூக்கிக் கழற்றினேன். என் மச்சினன் கூட இருந்தான். வள்ளியூரில் பஞ்சர் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். கழற்றிய டயரை வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அதாவது சேசிஸுக்கு, அடியில் தள்ளினான்.

"ஏல மாப்ள, அத எடுத்து ஓரமாப் போடு. கால வைக்க எடமில்ல."

"கெடக்கட்டும் அத்தான், அதுவா ஒங்கள தின்னுது?"

லைனரை மூடியிருக்கிற பிரேக் ட்ரம் இறுகிப் போயிருந்தது. ஹேண்ட் பிரேக் பிடித்திருந்தால் உள்ளே லைனர் ட்ரம்மை விடாது, அதனால் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டேன். கியர்தான் போட்டிருக்கிறதே என்று தைரியம். சுத்தியலை எடுத்து ட்ரம்மைச் சுற்றித் தட்டினேன். நாலு தட்டு, ஐந்து தட்டு. ஆறாவது தட்டில் ட்ரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது, அதுவும் பின்பக்கமாக. கழன்று வருகிறது என்று நினைத்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் பார்க்கிறேன், என் முகத்துக்கு நேரே இருந்த ஜாக்கி மெதுவாகச் சாய்கிறது. ட்ரம் பின்னால் சுற்றுகிறது, வண்டி முன்னால் போகிறது!

கையை இழுத்தேன். ஜாக்கி தெறித்துப் போய்ச் சுவரில் அடித்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்து, 'பொத்'தென்று அந்த டயர் மேல் உட்கார்ந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. டயர் மட்டும் அங்கே இல்லையென்றால் ட்ரம் இறங்கியிருக்கும் இடத்தில் என் வலது கால் இருந்தது. மச்சினன் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய அவமானம். முன்னால் போய்ப் பார்த்தால் குழவி டயருக்கு அந்தப் பக்கம் இரண்டாக உடைந்து கிடக்கிறது. அம்மா வெளியே வந்து வண்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "என் கொழவிய என்னல செஞ்ச?" என்றார்.

ஏன் இப்படி ஆயிற்று என்று அப்புறம் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் விளக்கினார். கியர் பிடிப்பது எஞ்சின் வழியாகப் பின் சக்கரங்களை. நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வண்டி திரும்பும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அதுதான் இடம் கொடுக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், தரையில் உள்ள சக்கரம் முன்னால் உருள, அந்தரத்தில் இருப்பது பின்னால் சுற்றும். எஞ்சின் அசையவே தேவையில்லை. ஆக, பின் சக்கரம் ஒன்று தூக்கியாயிற்று, ஹேண்ட் பிரேக்கும் இறக்கியாயிற்று என்றால் கியர் போட்டதும் போடாததும் ஒன்றுதான். ஹேண்ட் பிரேக்கும் இந்த வண்டிகளில் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்னால் இரண்டையும் தூக்கினால் முன் சக்கரம் இரண்டும் அவிழ்த்துவிட்ட மாடுதான்.

அதனால் லைனர் மாற்றும்போது வண்டியைப் பிடிப்பது முன் டயருக்குக் கொடுக்கிற அணை மட்டுமே. இரண்டு முன் டயருக்கும், முன்னாலும் பின்னாலும் கொடுங்கள். ஆப்பு மாதிரி சரிவாக வெட்டிய வேப்பங்கட்டை நாலு வைத்திருக்கிறேன். பனங்கட்டை வேண்டாம், நம் ஊரில் சும்மா கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள், நார் நாராக நீளவாக்கில் பிளந்துகொள்ளும்.

வண்டியோடு வந்த ஜாக்கி தூக்கப் போதும், தாங்கப் போதாது. ஹைட்ராலிக் ஜாக்கியில் சீல் போனால் எண்ணெய் கசிந்து தானாக இறங்கும், சொல்லிக்கொண்டு இறங்காது. லோடு இறக்கிய வண்டியே ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். தரை மண்ணாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் அகலமான கெட்டிப் பலகை வையுங்கள். வீல் நட்டைத் தூக்குவதற்கு முன்பே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள், அந்தரத்தில் நிற்கிற வண்டியில் தம் கட்டி ஸ்பேனரை மிதிக்கக் கூடாது. ஜாக்கியை ஆக்சில் குழாயில், ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்தில் நேராக நிற்கிற மாதிரி கொடுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து எடையை அதன் மேல் இறக்கி, பக்கத்தில் நின்று வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால்தான் டயரைக் கழற்றுவது. கழற்றிய டயர் எங்கே போக வேண்டும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை எனக்கு ஒரு ட்ரிப் வாடகைகூட வரவில்லை.

ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சுவரில் எடை பரவலாக இறங்கும்போது தாங்குகிற கல் அது. ஆக்சில் ஒரே இடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். 'நான் பத்து வருடமாக வைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று ஒருவர் நிச்சயம் வந்து சொல்வார். சொல்லட்டும், நானும் குழவி உடையும் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். அன்றைக்கு ராத்திரி தார் ஏற்றிக்கொண்டு போகையில், நாகர்கோவில் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது மச்சினன்தான் ஸ்பேனரை எடுத்தான். இரண்டு நட்டு கால் சுற்று போனது.